தகரப் பெட்டிக்குள் ஒரு ரேடியோ

அணுகுண்டு ஒன்று தரையிலிருந்து 400 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தால் கீழே இருப்பவர்களுக்குச் சுடாது. சத்தம் கேட்காது, சுவர் இடியாது. வானத்தில் ஒரு வெளிச்சம் தெரியலாம், அவ்வளவுதான். ஆனால் அந்த உயரத்திலிருந்து கண்ணுக்கு எட்டும் நிலம் முழுவதிலும், சுற்றிலும் ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர் வரைக்கும், கண் இமைப்பதற்கு வெகு முன்னால் ஒரு மின்காந்தத் துடிப்பு வந்து இறங்கிவிடும். குண்டு நாக்பூருக்கு மேலே வெடித்தால் காஷ்மீரும் கன்னியாகுமரியும் அந்த வட்டத்துக்குள் அடக்கம். யாழ்ப்பாணமும் அடக்கம். செங்கல்பட்டு மாவட்டத்துப் பொத்தேரியும், அங்கே ஜி.எஸ்.டி. சாலையோர டீக்கடையில் ‘பத்து ரூபாய் பெறப்பட்டது’ என்று குரல் கொடுக்கும் சின்னப் பெட்டியும் அடக்கம்.

மனிதரை விட்டுவிட்டு அவர்களுடைய சாமானை மட்டும் கொல்லும் ஆயுதம் என்றால் கருணையானது போலத் தோன்றுகிறது. ஆஸ்பத்திரியும் குடிநீர் மோட்டாரும் சாமான் கணக்கில்தான் வரும் என்பது கொஞ்சம் யோசித்த பிறகே உறைக்கிறது.

இது நடத்திப் பார்த்த விஷயம். 1962 ஜூலையில் அமெரிக்கா, பசிபிக் கடலின் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் 1.4 மெகாடன் குண்டு ஒன்றை வெடித்தது. ‘ஸ்டார்ஃபிஷ் பிரைம்’ என்று பெயர். சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹவாயில் அப்போது இரவு பதினோரு மணி. சில ஹோட்டல்களில் மொட்டை மாடியில் விருந்து வைத்து வேடிக்கை பார்த்தார்கள். வானம் நிறம் மாறியது. ஹோனலூலுவில் சுமார் 300 தெருவிளக்குகள் அணைந்தன. திருட்டு அலாரங்கள் தாமாக அலறின. கவாய் தீவின் தொலைபேசித் தொடர்பு போயிற்று. மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார் செயற்கைக்கோள், அந்த வெடிப்பு விண்வெளியில் விட்டுச்சென்ற எலெக்ட்ரான்களுக்குள் சுற்றிச் சுற்றி, சில மாதங்களில் செத்துப்போனது. அதே ஆண்டு அக்டோபரில் சோவியத் யூனியன் கஜகஸ்தானில், சொந்த மக்கள் குடியிருக்கும் நிலத்துக்கு மேலேயே, இதைச் செய்து பார்த்தது. 570 கிலோமீட்டர் தொலைபேசிக் கம்பித் தடத்தின் ஃப்யூஸ்கள் போயின. மண்ணுக்கு அடியில் புதைத்திருந்த ஆயிரம் கிலோமீட்டர் மின்கேபிளும் தப்பவில்லை. அடுத்த ஆண்டு வல்லரசுகள் கூடி, வானில் இனி சோதனை இல்லை என்று கையெழுத்துப் போட்டன.

அதற்குப் பிறகு அந்த உயரத்தில் யாரும் வெடித்துப் பார்க்காததால், இன்றைய வீடு இதை எப்படித் தாங்கும் என்பதற்கு நேரடிச் சாட்சி கிடையாது. 1962-இல் வீட்டில் இருந்தது வால்வு ரேடியோ. அது முரட்டு ஜாதி, அடி தாங்கும். இப்போது சலவை மிஷினுக்குள்ளும் கதவு மணிக்குள்ளும் இருப்பவை மூன்று வோல்ட்டில் மூச்சு விடும் சிப்புகள். தாங்கும் என்றும் சொல்லலாம், தாங்காது என்றும் சொல்லலாம். சாட்சி இல்லாத இடத்தில் வியாபாரம் நன்றாக நடக்கும். மேல்நாடுகளில் இதற்கென்றே உறைகள், பைகள், பெட்டிகள், ஜெனரேட்டருக்கு மாட்டும் கூடாரங்கள் என்று ஒரு சந்தை இருக்கிறது. நம் பக்கம் அந்தப் பயம் இன்னும் முழுசாக இறக்குமதி ஆகவில்லை. கார் சாவியின் சிக்னலைத் திருடர்கள் பிடித்துவிடாமல் இருக்க ‘ஃபாரடே பை’ மட்டும் வந்திருக்கிறது.

அந்தப் பெயருக்கு உரிய விஞ்ஞானி ஃபாரடே, 1836-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் அரங்கில் பன்னிரண்டு அடிக் கனசதுரமாக ஒரு மரச்சட்டம் கட்டினார். அதைக் கம்பியாலும் காகிதத்தாலும் உலோகத் தாளாலும் மூடினார். வெளிப்பக்கத்திலிருந்து தீப்பொறி பறக்கும் அளவுக்கு மின்னேற்றச் சொல்லிவிட்டு, மெழுகுவர்த்தியும் மின்மானியும் எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. மின்னேற்றம் கூண்டின் வெளித்தோலிலேயே நின்றுவிட்டது. அணுகுண்டுக்கு நூறாண்டுக்கு மேல் முந்திய சோதனை என்றாலும் வீட்டுக்குப் பெட்டி செய்ய நினைப்பவருக்கு இன்றும் அதுதான் பாடம்.

பாடம் சுலபம், பெட்டி சுலபமில்லை. அடுக்களையில் இருக்கும் எவர்சில்வர் சம்படத்தில் போனை வைத்து மூடி, இன்னொரு போனிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். பல சமயம் உள்ளே மணி அடிக்கும். துணி பீரோவில் வைத்தாலும் அடிக்கும். சப்பாத்தி சுற்றும் அலுமினிய ஃபாயிலில், ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்து அழுத்தி, இடைவெளியில்லாமல் சுற்றினால் அடிக்காது. அரை மில்லிமீட்டர் எஃகை விட முடி கனமே உள்ள ஃபாயில் எப்படி உசத்தி? கனம் இங்கே பெரிய விஷயமே இல்லை, சந்துதான் விஷயம். அலை புகுவதற்கு ஓட்டையின் பரப்பு வேண்டாம், நீளம் போதும். சல்லடைக் கண் ஆயிரம் இருந்தாலும் போன் அலை நுழையாது; மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே மயிரிழைக் கோடு ஒன்று அரை அடிக்கு ஓடினால் நுழைந்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் புள்ளி புள்ளியாக வலை தெரிவது இந்தக் கணக்கில்தான். பீரோவுக்கும் டிரங்குப் பெட்டிக்கும் இன்னொரு குறை உண்டு. பார்க்க இரும்பு மாதிரி இருந்தாலும் மூடி உட்காரும் விளிம்பில் பெயிண்ட் இருக்கும். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. அப்படியானால் அந்த விளிம்பு முழுக்க ஒரு நீளச் சந்துதான். பெயிண்டைச் சுரண்டி எடுத்து, கடத்தும் டேப்போ உலோக வலையோ வைத்து அழுத்தி மூட வேண்டும். உள்ளே அட்டையோ துணியோ போட்டு, சாமான் தகரத்தில் படாமல் வைக்க வேண்டும். பெட்டிக்கு எர்த்து கொடுக்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்துவார்கள். மூடிய பெட்டிக்கு அது அவசியமில்லை; எர்த்துக்கு என்று இழுக்கும் நீளக் கம்பி அலை வாங்கும் ஆண்டெனாவாகவும் வேலை செய்யும்.

போன் அடிக்கவில்லை என்பதோடு வேலை முடிந்துவிடாது. டவர் சிக்னல் அறுந்து போவதற்கு அலையின் வலிமை சில நூறு பங்கில் ஒன்றாகக் குறைந்தால் போதும். அணுத்துடிப்பின் முதல் அடி மீட்டருக்கு 50,000 வோல்ட் வரை போகும் என்று கணக்கிடுகிறார்கள். அதைச் சில நூறால் வகுத்தாலும் நூற்றுச் சொச்சம் வோல்ட் மிஞ்சும். அமெரிக்க ராணுவத்தின் தரநிலை கேட்பது 80 டெசிபல், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அப்போதுதான் 50,000 வோல்ட் ஐந்து வோல்ட்டாகும். சம்படத்துக்கும் ராணுவத்துக்கும் நடுவில் அந்த வித்தியாசம் இருக்கிறது.

சரியான கூண்டு பார்க்க வேண்டுமானால் பொத்தேரியிலிருந்து வெகுதூரம் போக வேண்டாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வைத்திருக்கும் எந்த ஆஸ்பத்திரியிலும் அந்த அறையே ஒரு ஃபாரடே கூண்டு. சுவர், தரை, கூரை ஆறு பக்கமும் செம்பாலோ வேறு உலோகத்தாலோ இழைத்திருப்பார்கள். உள்ளே படுத்திருப்பவரைப் பார்க்கும் கண்ணாடிக்குள் மெல்லிய வலை தெரியும். கதவு விளிம்பைச் சுற்றிலும் செம்பு நிற விரல்கள் வரிசையாக நிற்கும், கதவு மூடியதும் சட்டத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ள. அந்த விரல்களில் சிலது வளைந்தாலே படத்தில் கோடு விழலாம். ஊரின் எஃப்.எம். ரேடியோக்களும் வாக்கிடாக்கிகளும் உள்ளே வந்து உடம்பின் மெலிந்த சிக்னலைக் கெடுத்துவிடக்கூடாது என்பதற்காக இவ்வளவும்.

இதைவிட அபூர்வமான அறை ஒன்று கல்பாக்கத்தில் இருக்கிறது. பொத்தேரியிலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் கடற்கரையில் வரும் அணு நகரம். அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், மியூ-மெட்டல் என்ற நிக்கல் இரும்புக் கலவைத் தகட்டையும் அலுமினியத் தகட்டையும் அடுக்கடுக்காக வைத்துக் காந்தத் தடுப்பறை ஒன்று கட்டியிருக்கிறார்கள். அணு உலைக்கும் அந்த அறைக்கும் சம்பந்தமில்லை, குண்டுக்கும் இல்லை. மனிதரின் இதயமும் மூளையும் வெளிவிடும் காந்தப்புலத்தை அளப்பதற்கான அறை அது. பூமியின் காந்தப்புலம் இந்தப் பகுதியில் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. இதயத்தின் புலம் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவு. மூளையுடையது பத்துக் கோடியில் ஒரு பங்கைவிடவும் குறைவு. திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் முக்கிவைத்த ‘ஸ்க்விட்’ என்ற உணரிதான் அதைப் பிடிக்கும். தெருவில் ஒரு லாரி போனாலும், பக்கத்துக் கட்டடத்தில் லிஃப்ட் இறங்கினாலும் அதற்கு அது பேரிரைச்சல். அதற்காகத்தான் அவ்வளவு தகடு.

அணுவுக்காக எழுந்த ஊரில், இந்த வட்டாரத்தின் மிகக் கச்சிதமான கவசம் ஒரு நெஞ்சுத் துடிப்பைக் கேட்பதற்காகக் கட்டப்பட்டது என்பதை நினைத்துக்கொள்ளப் பிடிக்கிறது. ஆனால் அந்த அறையின் பாடம் வேறு. உள்ளே ஒருவரை வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் வெளியிலிருந்து ஒன்றும் வராது. அங்கே அதுதான் நோக்கம். வீட்டுச் சாமானுக்கு அது நோக்கமாக முடியாது. ஃபாயிலில் சுற்றிய போன் பத்திரமாக இருக்கிறது, கூப்பிட்டால் எடுக்காது. அது பத்திரமாக இருப்பதும் எடுக்காமலிருப்பதும் ஒரே காரணத்தால். கேபிள் மாட்டிய டி.வி.யைப் பெட்டிக்குள் வைத்தால், கேபிள் நுழையும் ஓட்டை வழியே துடிப்பும் நுழையும். கேபிளைக் கழற்றினால் டி.வி. ஒரு கண்ணாடிப் பலகை. ராணுவமும் ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு வடிகட்டி வைத்து இந்தச் சிக்கலைச் சமாளிக்கின்றன. வீட்டில் யார் வைப்பார்கள்?

கவனித்தால், துடிப்பால் பெரும் ஆபத்து சாமானுக்கு நேரடியாக வருவதே இல்லை, கம்பி வழியாக வருகிறது. கையில் சும்மா இருக்கும் சின்னப் போன் தப்பிக்க நல்ல வாய்ப்பு உண்டு. சார்ஜரில் தொங்கும் போனுக்கு, வீட்டு ஒயரிங் முழுவதும், தெருக்கம்பி முழுவதும் ஆண்டெனாவாகிவிடும். இது தெரியாமலே நம் வீட்டுப் பாட்டிகள் சரியானதைத்தான் செய்துவந்தார்கள். இடி இடித்தால் ‘அர்ஜுனா அர்ஜுனா’ என்று சொல்லிக்கொண்டே டி.வி. பிளக்கைப் பிடுங்கச் சொல்வார்கள், மறக்காமல் ஆண்டெனா ஒயரையும். மாமல்லபுரத்துப் பாறையில் ஒற்றைக் காலில் தவம் நிற்பவர் அர்ஜுனனா பகீரதனா என்று அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கியதைப் பற்றி இயற்பியலுக்கு வழக்கேதும் இல்லை. மழை இருட்டினால் பிடுங்க நேரம் இருக்கும், குண்டுக்கு இருக்காது.

குண்டை விடுங்கள். ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் வளர்ந்துவிட்ட நகர்களில் சாமான் கொத்தாக எரிந்துபோகும் நாள் ஒன்று உண்டு. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்: ‘நியூட்ரல் கட்.’ தெருவுக்கு மூன்று ஃபேஸ் கம்பியும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், அதுதான் வீட்டுக்கு. ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே 400. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நியூட்ரல் அறுந்தாலோ, அதன் முறுக்கு தளர்ந்து கரிந்தாலோ, வெவ்வேறு ஃபேஸில் இருக்கும் வீடுகள் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டு அந்த 400 வோல்ட்டைப் பங்கு போட ஆரம்பிக்கும். பங்கு பிரியும் விதம் விசித்திரமானது. ஏ.சி., கீசர் என்று கரண்டை அள்ளி இழுக்கும் வீட்டில் வோல்ட் இறங்கும். ஒரு டி.வி.யும் இரண்டு விளக்கும் போட்டுவிட்டுச் சிக்கனமாக இருக்கும் வீட்டில் ஏறும். 350 வரைக்கும்கூட ஏறும். எரிவது சிக்கனக்காரர் வீட்டு டி.வி.தான். பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு கரண்ட் இழுக்கிறார் என்பதைப் பொறுத்து நம் வீட்டு ஃபிரிட்ஜின் ஆயுள் முடிவாகிறது. எதிர்வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை என்று வருஷக்கணக்கில் முறைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் நியூட்ரல் ஒன்றுதான்.

இதற்கு மருந்து உண்டு. மெயின் போர்டில் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று வைத்தால், வோல்ட் ஏறியதும் வீட்டைத் துண்டித்துவிடும். மின்னல் எழுச்சியை விழுங்கும் கருவி தனி, அது நியூட்ரல் கட்டுக்கு உதவாது. நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேர அடியைத் தாங்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள், மணிக்கணக்கில் 350 வோல்ட் வந்தால் அதுவே முதலில் பொசுங்கும். எர்த்தையும் கவனிக்க வேண்டும். அதன் குழிக்கு உப்பும் கரியும் போட்டால் போதாது, சித்திரை வெயிலில் தண்ணீரும் ஊற்ற வேண்டும். கட்டட வேலை முடிந்த அன்றைக்குப் பிறகு அந்தக் குழியைத் திரும்பிப் பார்த்தவர்கள் இந்தப் பக்கம் மிகச் சிலர். பலர் அதன்மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள்.

கம்பி நீண்டால் கதையும் நீளும். அணுத்துடிப்பின் கடைசிப் பகுதி நிமிடக்கணக்கில் நீடிக்கும் மந்தமான அலை. வீட்டு ஒயரிங்கை அது சட்டை செய்யாது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் உயர் அழுத்தத் தடங்களைத்தான் தேடும். சூரியனும் இதே வேலையைச் செய்யும், குண்டில்லாமலே. 1859 செப்டம்பரில் வந்த சூரியப் புயலில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்தி ஆபரேட்டர்களுக்கு ஷாக் அடித்தது. சில தடங்கள் பேட்டரியைக் கழற்றிய பிறகும் வேலை செய்தன. அந்தப் புயலின் மிக முக்கியமான அளவீடு மும்பை கொலாபா ஆய்வகத்தில் எடுக்கப்பட்டது. கருவியைப் பார்த்துக் கையால் எழுதிவைத்த கணக்கில், பூமியின் காந்தப்புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்திருக்கிறது. அதே ஆய்வகத்தின் காந்தக் கருவிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மும்பையை விட்டு அலிபாகுக்குக் குடிபெயர்ந்தன. மும்பைக்கு மின்சார டிராம் வரப்போகிறது, இனி இங்கே அமைதி இருக்காது என்பதுதான் காரணம். கல்பாக்கம் சுவர் கட்டிக்கொண்டது, கொலாபா ஊரை விட்டுப் போனது. 1989 மார்ச் 13-இல் இன்னொரு சூரியப் புயல் கனடாவின் கியூபெக் மாநில மின்தொகுப்பை ஒன்றரை நிமிடத்தில் சாய்த்தது. 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு அந்த அடி குறைவாகத்தான் விழும்.

ஆனாலும் மின்தொகுப்பு விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி அனுபவம் உண்டு. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவின் மின்தொகுப்பு அடுத்தடுத்து விழுந்தது. இரண்டாம் நாள் இருட்டானது 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு. தில்லி மெட்ரோ நடுவழியில் நின்றது. தென்னகம் தப்பித்தது. நம் தொகுப்பு அப்போது மற்ற தொகுப்புகளோடு ஒரே துடிப்பில் இணைக்கப்பட்டிருக்கவில்லை, நேர்மின்னோட்டத் தடங்கள் வழியாகத் தள்ளி நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தது. வடக்கில் எழுந்த அலை இங்கே வர வழியில்லை. நாட்டிலேயே பெரிய ஃபாரடே பெட்டிக்குள் நாம் இருந்தோம் என்று சொல்லலாம்.

பெட்டிக்குள் எப்படி இருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் சென்னைக்குத் தினம் ஓரிரு மணி நேரம் மின்வெட்டு. வெளி மாவட்டங்களில் எட்டு, பத்து, அதற்கும் மேல். பொத்தேரி அப்போது காஞ்சிபுரம் மாவட்டம், சென்னை ஆகாது. வடக்கில் மிஞ்சிய மின்சாரத்தை வாங்கக் காசிருந்தாலும் கொண்டுவரப் போதிய தடம் இல்லை. தறி ஓடவில்லை, பம்ப் செட் ஓடவில்லை, பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் படித்தார்கள், இன்வெர்ட்டர் கடைக்காரர்கள் மட்டும் நிமிர்ந்து நடந்தார்கள். வடக்கை விழுங்கிய இருட்டிலிருந்து நம்மைக் காப்பாற்றிய அதே பிரிவுதான் நம்மைச் சொந்த இருட்டில் வைத்திருந்தது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர், சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியே தென்னகம் நாட்டோடு இணைந்தது. இப்போது ஒரே தொகுப்பு. மின்வெட்டு பழங்கதையானதற்கு அதுவும் ஒரு காரணம். இனி எங்கோ விழுவது இங்கேயும் விழலாம் என்பது அந்த வசதிக்கான விலை. விலை அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. விலை இருக்கிறது என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

பொத்தேரிக்கு அதிகத் தூரமில்லாத கலிவந்தபட்டில் 400 கிலோவோல்ட் துணைமின்நிலையம் இருக்கிறது. அங்கே நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர்களை எந்தத் தகரப் பெட்டியிலும் வைக்க முடியாது. அந்த ரகத்தில் ஒன்று கெட்டால் கடைக்குப் போய் வாங்கிவர முடியாது, சொல்லிச் செய்து வரவேண்டும், மாதக்கணக்காகும். மொட்டை மாடியில் சோலார் போட்டவர்கள் தங்களுக்குக் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பேட்டரியில்லாமல் ஈ.பி. லைனோடு இணைத்த சோலார், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள், அது நியாயமும்தான். உச்சி வெயில் கூரைமேல் கொட்டும்போது கீழே மின்விசிறி சுற்றாமல் நிற்கும்.

அப்படியும் ஒரு பெட்டி செய்துவைக்க ஒருவர் ஆசைப்பட்டால் தடுக்க வேண்டியதில்லை. செலவு சில நூறு ரூபாய். உள்ளே என்ன வைப்பார்? டார்ச், பேட்டரி, வீட்டுப் பத்திரங்களை ஸ்கேன் செய்த பென் டிரைவ், சர்க்கரை பார்க்கும் மீட்டர், பெரியவரின் காது மிஷின். இவை நியாயமானவை, தனியாகவே வேலை செய்யும். போனை வைப்பதில் அர்த்தமில்லை, டவர் வேண்டும். லேப்டாப்புக்கு முதலில் கரண்ட் வேண்டும். எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் சாமான், பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ. நல்ல தேர்வுதான். அந்த ரேடியோ பேச வேண்டுமென்றால் எங்கோ ஒரு ஒலிபரப்பு நிலையத்தில் டிரான்ஸ்மிட்டர் பிழைத்திருக்க வேண்டும், அதற்கு டீசல் கிடைத்திருக்க வேண்டும், மைக்கின் முன்னால் ஒருவர் டூட்டிக்கு வந்திருக்க வேண்டும். தன் வீட்டை மட்டும் காப்பாற்றிக்கொள்ள நினைத்துப் பெட்டி செய்பவர், முகம் தெரியாத அரசு ஊழியர் ஒருவரின் கடமையுணர்ச்சியை நம்பித்தான் மூடியைச் சாத்துகிறார். அந்த ஊழியரின் நிலையத்துக்குப் பெட்டி இருக்கிறதா என்று ஒரு மனு போட்டுக் கேட்டவர்களைத்தான் காணோம். மத்திய அலை நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோதும் பெரிதாக யாரும் தெருவுக்கு வரவில்லை.

துடிப்பு வராமலே அந்த நாள் எப்படியிருக்கும் என்று இந்தப் பகுதிக்கு ஒத்திகை நடந்துவிட்டது. 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை, வர்தா புயல் சென்னைக்குப் பக்கத்தில் கரையேறியது. பணமதிப்பு நீக்கம் அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டில்லை, கார்டைத் தேயுங்கள் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த வேளையில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. ஏ.டி.எம். செத்தது. கார்டு மிஷின் செத்தது. டவர்கள் டீசல் தீரும்வரை தாக்குப்பிடித்துவிட்டு அணைந்தன. தாம்பரத்துக்குத் தெற்கே பல தெருக்களில் கரண்ட் வரப் பல நாட்கள் பிடித்தன. சாமான் ஒன்றும் எரியவில்லை, எல்லாம் அப்படியே புத்தம் புதிதாக, வேலை செய்யாமல் இருந்தன. மளிகைக் கடைக்காரர் நோட்டுப் புத்தகத்தில் கடன் எழுதினார், தெரிந்த முகங்களுக்கு மட்டும். அறையெடுத்துத் தங்கியிருந்த வெளியூர் மாணவர்கள் தெரிந்த முகங்களாக இல்லை.

முதலில் தீர்ந்தது தண்ணீர். சம்ப்பில் இருந்தது, மேல் தொட்டிக்கு ஏற்ற வழியில்லை. பிறகு குட்டி யானை வண்டியில் ஒரு பழைய டீசல் ஜெனரேட்டர் வந்தது. சிப்பு எதுவும் இல்லாத, கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பும் ரகம். ஸ்டார்ஃபிஷ் பிரைமே நேராக வந்திருந்தாலும் கிளம்பியிருக்கும். வாடகையைத் தெருவே பங்கு போட்டது. யார் வீட்டுத் தொட்டி முதலில் என்பதில் தகராறு வந்தது. மாடியில் வாடகைக்கு இருப்பவருக்குப் பங்கு உண்டா என்பதில் இன்னொரு தகராறு. கடைசியில் வீட்டுக்கு இருபது நிமிடம் என்று பேசி முடித்தார்கள். எல்லார் போனும் அணைந்து கிடந்ததால், கையில் சாவி கொடுக்கும் கடிகாரம் கட்டியிருந்த ரிட்டயர்டு ரயில்வேக்காரர் ஒருவரை நேரம் பார்க்க உட்காரவைத்தார்கள். அவர் தன் வீட்டுக்கு மட்டும் இருபத்தைந்து நிமிடம் விட்டார் என்று ஒரு பேச்சு இருந்தது.